கப்பலில் ஒலிக்கும் இசை யாருக்கு?



கடலோரத்தில் வாழும் நமக்குக் கப்பல் என்பது புதிய பொருளன்று. துறைமுகத்துக் கப்பலின் ஊதல் ஒலியைக் கேட்டுக்கொண்டே பள்ளிக்குப் புறப்படுகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆனால் நாம் பார்ப்பன பெரும்பாலும் சரக்குக் கப்பல்களே. நிலக்கரிக்கு ஒரு கப்பல், உரத்துக்கு ஒரு கப்பல் என்று அறிந்த நமக்கு, இசை கேட்பதற்கென்றே மக்கள் ஏறிச் செல்லும் கப்பலும் உலகில் உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதன்றோ?

என் சித்தப்பா அத்தகைய சிறிய கப்பலொன்றில் உணவு பரிமாறும் பணியில் இருந்தவர். சென்ற ஆண்டு விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தபோது அவர் சொன்ன ஒரு செய்தி என் மனத்தை விட்டு அகலவில்லை. அச்செய்தியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அதைச் சொல்வதற்கு முன், இசைப் பயணம் என்றால் என்ன என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

மிதக்கும் இசையரங்கம்

ஒரு வாரமோ பத்து நாட்களோ கப்பல் கடலில் செல்லும். பகலில் ஏதேனும் ஒரு துறைமுகத்தில் நிற்கும். மாலையில் கப்பலின் கூடத்திலோ, கரையிலுள்ள பழைய கோயில்களிலோ, அரங்குகளிலோ இசை நிகழ்ச்சி நடைபெறும். பாடுவோரும் வாசிப்போரும் பயணிகளோடு அதே கப்பலில் தங்கியிருப்பர்.

பிரெஞ்சு நாட்டின் ‘பாக்கே’ என்னும் கப்பல் நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் இத்தகைய இசை விழாக்களைக் கடலில் நடத்தியது. அந்த விழாக்களால் புகழ் பெற்ற கப்பலின் பெயர் ‘மெர்மோஸ்’. 1936ஆம் ஆண்டு அட்லாண்டிக் கடலின் மேல் பறந்து சென்று திரும்பாமலே போன விமானி ழான் மெர்மோசின் நினைவாக வைத்த பெயர் அது. 1957ஆம் ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கிய அக்கப்பல், 1970ஆம் ஆண்டு உல்லாசக் கப்பலாக மாற்றி அமைக்கப்பட்டது. செல்லோ மேதை ரோஸ்ட்ரோபோவிச், வயலின் மேதை ஐசக் ஸ்டெர்ன், புல்லாங்குழல் மேதை ழான் பியர் ராம்பால் போன்றோர் அந்தக் கடல் விழாக்களில் வாசித்தவர்கள்.

அக்கப்பல் இறுதியில் எங்கே வந்து சேர்ந்தது தெரியுமா? நம் நாட்டின் குஜராத் மாநிலத்திலுள்ள அலங் கடற்கரைக்கு! 2008ஆம் ஆண்டு அங்கேதான் அது உடைக்கப்பட்டது. உலகப் பெரும் மேதைகளின் இசையில் அதிர்ந்த இரும்புத் தகடுகளைப் பிரித்தெடுத்தவை நம் நாட்டுத் தொழிலாளரின் கைகள். அக்கப்பலில் ஒலித்த ஒரு சுரத்தையேனும் அவர்கள் கேட்டிருப்பார்களா?

அறுபத்து நான்கு பேரின் உலகம்

இன்றைய பெரிய உல்லாசக் கப்பல்கள் மிதக்கும் நகரங்களாகவே ஆகிவிட்டன. 2024ஆம் ஆண்டு பயணம் தொடங்கிய ‘ஐக்கான் ஆஃப் தி சீஸ்’ என்னும் கப்பலில் 7,600 பயணிகள் வரை செல்லலாம். அங்கே ஒருவர் முகத்தை ஒருவர் இரண்டாம் முறை பார்ப்பதே அரிது. சிறிய கப்பலின் வாழ்க்கையோ முற்றிலும் வேறு.

‘சீ கிளவுட்’ என்னும் பாய்மரக் கப்பலை எடுத்துக்கொள்வோம். பெயருக்குக் ‘கடல் மேகம்’ என்பது பொருள். 1931ஆம் ஆண்டு ஜெர்மனியின் கீல் நகரில், அமெரிக்கச் செல்வர் ஒருவரின் சொந்தப் படகாகக் கட்டப்பட்டது அது. நான்கு பாய்மரங்கள்; ஏறத்தாழ 30 பாய்கள்; அவற்றின் பரப்பு சுமார் 3,000 சதுர மீட்டர். 1979ஆம் ஆண்டு முதல் பயணிகள் கப்பலாகச் செல்லும் அதில் 64 பயணிகளுக்குத்தான் இடம். பணியாளர்களோ அறுபது பேர் அளவில் இருக்கின்றனர். ஏறக்குறைய ஒருவருக்கு ஒருவர்! இசைக்கென்றே அமைந்த பயணங்களும் அதில் நடைபெற்றுள்ளன.

அக்கப்பலின் பாய்களை இன்றும் மாலுமிகள் கைகளாலேயே விரிக்கின்றனர். கயிற்றேணிகளைப் பற்றி உயர ஏறி, குறுக்குக் கம்பங்களின் மேல் நின்று, கட்டிய பாய்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுகின்றனர். காற்று பாயில் நிறைந்தவுடன் இயந்திரம் நிறுத்தப்படுகிறது. அப்போது தோன்றும் அமைதியில் கயிறுகளின் முனகலும், மரத்தின் நெரிப்பும், நீரைக் கிழித்துச் செல்லும் ஓசையும் மட்டுமே கேட்கும். இசைக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமோ?

ஆனால் கடல் இசைவாணர்க்கு எளிய இடமன்று. கப்பல் ஆடும்போது பியானோ உருண்டுவிடாதபடி அதைத் தளத்தோடு பிணைத்து வைக்கவேண்டும். கடற்காற்றின் ஈரத்தால் மரம் உப்பும். சுருதி இறங்கும், ஏறும். காலையில் கூட்டிய சுருதி மாலையில் நிற்பதில்லை. செல்லோவைத் தாங்கும் கூரிய ஊன்றுகோல் தளத்தில் வழுக்கிக்கொண்டு போகும். வாசிப்பவருக்கே தலை சுற்றி வாந்தி வரும் நாட்களும் உண்டு. இத்தனையையும் கடந்துதான் அந்த இசை பிறக்கிறது.

இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. நகரத்து அரங்கில் கலைஞர் மேடையின் பின்வழியாக வருகிறார், வாசிக்கிறார், வந்த வழியே போய்விடுகிறார். சிறு கப்பலில் அவர் எங்கே போவார்? மறுநாள் காலை உணவுக்கு நம் மேசைக்கே வந்து அமர்வார். பிற்பகலில் அவர் பயிற்சி செய்வது கப்பல் முழுவதும் கேட்கும். மாலையில் அரை நிமிடம் ஒலித்து மறையும் ஒரு சிறு பகுதியை அவர் நாற்பது முறை, ஐம்பது முறை திரும்பத் திரும்ப வாசிப்பதைப் பயணிகள் காதாரக் கேட்கின்றனர். ‘பிறவிக் கொடை’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் ஒன்று எத்துணை உழைப்பு என்பது அவர்களுக்குப் புரிகிறது. வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே நின்ற சுவர் விழுந்துவிடுகிறது. இதுவே இசைப் பயணத்தின் உயர்ந்த பயன் என்பது என் கருத்து.

ஆனால் ஒரு சுவர் விழுந்தால் போதுமா? கப்பலில் இருப்பவர் இரு சாரார் அல்லர், மூன்று சாரார். அந்த மூன்றாம் சாராரைப் பற்றியதுதான் சித்தப்பா சொன்ன செய்தி.

இருபுறமும் திறக்கும் கதவு

“எத்தனை கச்சேரி கேட்டிருப்பீர்கள், சித்தப்பா?” என்று ஆவலோடு கேட்டேன்.

“நூறு துண்டு கேட்டேன் அம்மா. முழுசாக ஒன்றைத்தான் கேட்டேன்” என்றார் அவர்.

இசைக்கூடத்தை ஒட்டியே உணவுக்கூடம் இருந்ததாம். இரண்டுக்கும் நடுவே இருபுறமும் திறக்கும் கதவு. உள்ளே கச்சேரி நடக்கும்போது சித்தப்பாவும் உடன் பணிபுரிவோரும் இரவு உணவு முடிந்த மேசைகளைத் துடைத்து, மறுநாள் காலைக்குக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். யாரேனும் தண்ணீர் கொண்டு போகக் கதவைத் திறப்பார்கள். இரண்டு வரி இசை வரும். கதவு சாத்திக்கொள்ளும். மீண்டும் திறக்கும், வேறு இரண்டு வரி. “ஒரு கதையின் தாளையெல்லாம் கிழித்து, இடையிடையே ஒவ்வொன்றாய்க் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது” என்றார்.

அவர் முழுதாகக் கேட்ட அந்த ஒன்று எது? ஒரு நாள் மாலை, கையில் தட்டோடு கதவருகே அவர் தயங்கி நின்றதை வயலின் வாசிக்கும் முதிய அம்மையார் ஒருவர் பார்த்துவிட்டார். மறுநாள் கேப்டனிடம் அனுமதி பெற்று, பிற்பகல் மூன்று மணிக்கு, கீழ்த்தளத்தில் பணியாளர்கள் உண்ணும் அறைக்கே வயலினோடு வந்தாராம். சமையற்காரர் கவசத்துணியோடு வந்தார். இயந்திர அறையிலிருந்து வந்தவர் எண்ணெய்க் கறையோடு வாசலிலேயே நின்றார். இருபது நிமிடம் வாசித்தார் அந்த அம்மையார். முடிந்ததும், “இப்போது நீங்கள் பாடுங்கள், நான் கேட்கிறேன்” என்று சொல்லி ஓரத்தில் ஒரு நாற்காலியில் அமர்ந்துகொண்டார். பிலிப்பைன்ஸ் நாட்டு இளைஞர் ஒருவர் கித்தார் எடுத்துப் பாடினார். சித்தப்பாவும் நம் ஊர்ப் பாட்டு ஒன்று பாடினாராம்.

“அன்றைக்குத்தான் அந்தக் கப்பலில் நானும் பயணம் செய்தேன்” என்று முடித்தார் சித்தப்பா. அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மறுப்பும் விடையும்

சிலர் கேட்கலாம்: “பயணிகள் பணம் கொடுத்திருக்கிறார்கள், பணியாளர்கள் பணம் பெறுகிறார்கள். வேலைக்கு வந்தவர் வேலை செய்யவேண்டியதுதானே? எல்லாரும் கச்சேரி கேட்க அமர்ந்துவிட்டால் கப்பலை யார் ஓட்டுவது?”

நியாயமான கேள்வியே. கடல் ஒருவருக்காகவும் காத்திராது. கப்பலில் காவல் முறை உண்டு. நான்கு மணி நேரம் காவல், எட்டு மணி நேரம் இடைவெளி என்று மூன்று குழுவினர் மாறி மாறி நிற்பது பழைய வழக்கம். இரவு இரண்டு மணிக்கும் ஒருவர் விழித்திருந்தால்தான் மற்றவர் உறங்க முடியும். ஆகவே பணியாளர் அனைவரும் கச்சேரிக்கு வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் உழைப்பவருக்கு உழைப்பு மட்டும் போதாது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2006ஆம் ஆண்டு உருவாகி 2013ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் நம் இந்திய நாடும் 2015ஆம் ஆண்டு சேர்ந்தது. ஓய்வு நேரத்தைக் கணக்கிடும் முறையில், எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேரத்துக்குக் குறையாமலும், எந்த ஏழு நாட்களிலும் 77 மணி நேரத்துக்குக் குறையாமலும் கடலோடிக்கு ஓய்வு வேண்டும் என்று அது விதிக்கிறது. தங்கும் இடத்தைப் பற்றிப் பேசும்போதே பொழுதுபோக்கு வசதியைப் பற்றியும் அது பேசுகிறது. மாதக்கணக்கில் வீட்டை விட்டு, குழந்தையின் முதல் பேச்சைக் கூடத் தொலைபேசியில் கேட்கும் ஒருவருக்கு மன ஆறுதல் தேவையில்லை என்று யாரால் சொல்ல முடியும்? நமது திருச்சபையினரும் இதை உணர்ந்தே 1920ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் கடலோடிகளுக்கான பணியைத் தொடங்கினர். ‘ஸ்டெல்லா மாரிஸ்’ என்னும் பெயரில் அப்பணி இன்று பல துறைமுகங்களில் நடைபெற்று வருகிறது.

மேலும், இசைவாணர்களே கப்பலில் ஏவலரைப் போல் நடத்தப்பட்ட காலமும் உண்டு. டைட்டானிக் கப்பல் மூழ்கும் வேளையில் வாசித்துக்கொண்டிருந்த எட்டு இசைவாணர்களைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். அவர்களின் தலைவர் வாலஸ் ஹார்ட்லி. 1912 ஏப்ரல் 15ஆம் நாள் எண்மரும் மாண்டனர். அவர்களை வேலைக்கு அமர்த்தியது கப்பல் நிறுவனம் அன்று. லிவர்பூல் நகரத்து ஒப்பந்தக்காரர். மாண்டவர்களுள் ஒருவர் ஜாக் ஹியூம் என்னும் இருபத்தொரு வயது இளைஞர். மகனை இழந்த அவருடைய தந்தைக்குச் சில வாரங்களுக்குள் அந்த ஒப்பந்தக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. ஆறுதல் கடிதம் அன்று. சீருடைக் கணக்கில் நின்ற பாக்கியைக் கேட்டு வந்த கடிதம்! வீரர் என்று உலகம் போற்றியவரை, கணக்குப் புத்தகம் வெறும் கூலியாளாகவே கண்டது. இன்று இசைவாணருக்கு மேல்தளத்தில் மதிப்பான இடம் கிடைத்துவிட்டது. நல்லது. அந்த மதிப்பு இன்னும் ஒரு தளம் கீழே இறங்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஒரு கப்பல் கற்பித்த பாடம்

இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோர்க்குச் ‘சீ கிளவுட்’ கப்பலின் வரலாறே விடை தருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடலோரக் காவற்படை அக்கப்பலைப் பெற்று, பாய்மரங்களை அகற்றி, அட்லாண்டிக் கடலில் வானிலை பார்க்கும் கப்பலாகப் பயன்படுத்தியது. அக்காலத்தில் அமெரிக்கப் படைக் கப்பல்களில் கறுப்பின மக்களுக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான் தரப்பட்டது. அதிகாரிகளுக்கு உணவு பரிமாறுவது!

கார்ல்டன் ஸ்கின்னர் என்னும் இளம் அதிகாரி இது தவறு என்று கண்டார். திறமை இருந்தும் நிறத்தைக் காட்டி ஒருவரைத் தட்டேந்த வைப்பது படைக்கே இழப்பு என்று மேலதிகாரிகளுக்கு எடுத்துரைத்தார். 1943ஆம் ஆண்டின் இறுதியில் ‘சீ கிளவுட்’ கப்பலின் தலைமை அவருக்குக் கிடைத்தது. கறுப்பரும் வெள்ளையரும் அங்கே ஒரே பணியைச் செய்தனர். ஒரே மேசையில் உண்டனர். கப்பலில் கலகம் எழவில்லை, பணியும் கெடவில்லை. உணவு பரிமாறும் நிலையில் படையில் சேர்க்கப்பட்ட ஜேக்கப் லாரன்ஸ் என்னும் கறுப்பின ஓவியர், இக்கப்பலில் தம் தூரிகையையே பணியாகக் கொண்டு படைவீரரின் வாழ்வை வரைந்தார். அமெரிக்க அதிபர் ட்ரூமன் படைகளில் நிற வேற்றுமையை நீக்க ஆணையிட்டது 1948ஆம் ஆண்டில். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கப்பல் அதைச் செய்து காட்டிவிட்டது.

அன்று அதே தளத்தில் அத்தனை பெரிய சுவர் விழுந்தது என்றால், இன்று ஒரு கதவைத் திறந்துவைப்பதா கடினம்?

நான் கேட்பவை பெரியன அல்ல. ஒவ்வொரு இசைப் பயணத்திலும் ஒரு நிகழ்ச்சியேனும் பணியாளரின் ஓய்வு நேரத்தை அறிந்து, உறக்கத்தைக் கெடுக்காமல், அவர்களுக்காக நடத்தப்படவேண்டும். ஒத்திகைகளில் அவர்கள் அமர்ந்து கேட்க இடம் தரவேண்டும். நிகழ்ச்சி நிரலை அச்சிடும்போது, பியானோவைப் பிணைத்துக் கட்டியவர் பெயரும் கலைஞர் பெயரோடு இடம்பெறட்டும். பணியாளர்கள் பாடி ஆடிக் காட்டும் மாலை நிகழ்ச்சி இன்று பல கப்பல்களில் வழக்கமாக உள்ளது. அதை வேடிக்கை பார்ப்பது போலப் பாராமல், அதே நாற்காலிகளில், அதே அமைதியோடு பயணிகள் அமர்ந்து கேட்கவேண்டும். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை; நினைவு இருந்தால் போதும்.

நம் கூடத்துக்கும் ஒரு கதவு உண்டு

தோழியரே, தொலைதூரக் கடலில் நடப்பதைப் பற்றி நமக்கு என்ன என்று எண்ணவேண்டாம். சித்தப்பாவின் கதையைக் கேட்ட பின்னர் நம் ஆண்டு விழா என் நினைவுக்கு வந்தது. நாம் பாடுகிறோம், நடனம் ஆடுகிறோம், பெற்றோர் கைதட்டுகின்றனர். அந்த நாற்காலிகளை விடியற்காலையில் துடைத்துப் போட்ட ஆயாம்மா எங்கே நிற்கிறார்? வாயிற்காவலர் தாத்தாவுக்கு நம் பாட்டு எத்தனை வரி கேட்கிறது? இதுவரை நானும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த வெட்கத்தையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

இவ்வாண்டு விழாவுக்கு முந்தைய நாள் நடக்கும் ஒத்திகையில், முதல் வரிசை நாற்காலிகளில் அவர்களை அமரச் செய்தால் என்ன? ஒத்திகை முடிந்ததும் அந்த வயலின் அம்மையாரைப் போல, “இப்போது நீங்கள் பாடுங்கள்; நாங்கள் கேட்கிறோம்” என்று நாம் கீழே அமர்ந்தால் என்ன? ஆயாம்மாவுக்குத் தெரிந்த தாலாட்டு நம் பாடப்புத்தகத்தில் இல்லை. நாம் கேட்காவிட்டால் அது அவரோடே போய்விடும்.

இசையைத் தருபவர் ஒருவர், பெறுபவர் ஒருவர், சுமப்பவர் ஒருவர் என்று பிரிந்து நிற்கும்வரை அந்த இசை பாதியே. மூவரும் ஒரே அறையில் அமரும் நாளில்தான் அது முழுமை பெறும். கப்பல் சிறிதாயினும் பெரிதாயினும், பள்ளிக்கூடமாயினும் இல்லமாயினும், கதவைத் திறந்துவைக்கும் கை யாருடையதாகவும் இருக்கலாம். அது நம்முடையதாக இருக்கட்டுமே!

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி